காயத்தைப் பதிவுசெய்யும் கை யாருடையது? உயிரிமருத்துவப் பொறியியலும் மருத்துவ ஓவியமும் தலித் மாணவர்களும்

வன்கொடுமை வழக்குகளில் முதல் தகவல் அறிக்கையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அது உரிய நேரத்தில் பதியப்பட்டதா, சரியான பிரிவுகள் சேர்க்கப்பட்டனவா, குற்றவாளியின் சாதி குறிப்பிடப்பட்டதா என்றெல்லாம் கேட்கிறோம். ஆனால் வழக்கின் போக்கைப் பல நேரங்களில் தீர்மானிக்கும் இன்னொரு தாளைப் பற்றி நம் இயக்கங்களுக்குள் போதிய பேச்சு இல்லை. அது காயச் சான்றிதழ். உயிர் போயிருந்தால் உடற்கூறாய்வு அறிக்கை. காயங்கள் எத்தனை, எங்கே, எவ்வளவு நீளம், எத்தகைய ஆயுதத்தால் ஏற்பட்டிருக்கலாம் என்பதை அந்தத் தாள் சொல்கிறது. நல்ல படிவமாக இருந்தால் மனித உடலின் முன்புற, பின்புறக் கோட்டுருவமும் அதில் இருக்கும். மருத்துவர் ஒவ்வொரு காயத்தையும் அந்த உருவத்தின்மேல் குறித்துக் காட்ட வேண்டும்.

அந்தக் கோட்டுருவத்தைச் செம்மையாக வரைவதும், காயத்தைப் பிறர் புரிந்துகொள்ளும் படமாக்குவதும் ஒரு தனிக் கல்வித்துறை. அதன் பெயர் மருத்துவ ஓவியம். கண்ணுக்குத் தெரியாத காயத்தையும் நோயையும் ஒளியாலும் ஒலியாலும் மின்னலையாலும் வெளிக்கொணரும் கருவிகளை உருவாக்குவது மற்றொரு துறை. அதன் பெயர் உயிரிமருத்துவப் பொறியியல். இரண்டிலும் முதுகலைப் படிப்புகள் இருக்கின்றன. நம் மாணவர்களில் பலர் இவற்றைக் கேள்விப்பட்டதில்லை. கேள்விப்பட்டவர்களும் வசதி படைத்தோருக்கான அரிய படிப்புகள் என ஒதுங்கிவிடுகின்றனர். ஒடுக்கப்பட்டோரின் உடலில் நிகழ்ந்ததை உலகம் ஏற்கும் சான்றாக மாற்றும் அதிகாரம் இவ்விரு துறைகளிலும் இருக்கிறது. ஆகவே இவற்றில் நுழைவது நமக்கு ஓர் உரிமைப் பிரச்சினை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சட்டம் உடலிடம் கேட்பது என்ன?

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53ஆம் பிரிவு, கைது செய்யப்பட்ட ஒவ்வொருவரையும் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்கிறது. உடலில் உள்ள காயங்களையும் வன்முறைத் தடங்களையும், அவை ஏற்பட்டிருக்கக்கூடிய உத்தேச நேரத்தையும் மருத்துவர் எழுத வேண்டும். அந்த அறிக்கையின் நகல், கைது செய்யப்பட்டவருக்கோ அவர் குறிப்பிடும் நபருக்கோ தரப்பட வேண்டும். 194ஆம் பிரிவின்படி நடக்கும் மரண விசாரணையில் காயங்கள், எலும்பு முறிவுகள், கன்றிப்போன தடங்கள் ஆகியவற்றைக் காவல் அதிகாரி விவரிக்க வேண்டும். காவலில் நேரும் மரணத்தை 196ஆம் பிரிவின்கீழ் நடுவர் விசாரிக்க வேண்டும். டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் பிறப்பித்த கட்டளைகள் இன்னும் விரிவானவை. கைதானவர் கோரினால் அவர் உடலிலுள்ள சிறிய, பெரிய காயங்கள் அனைத்தும் அப்போதே பரிசோதனைக் குறிப்பில் பதியப்பட வேண்டும். காவலில் இருக்கும்போது 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும்.

வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் இழப்பீட்டு அட்டவணையும் இதையே சார்ந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி கொலைக்கான இழப்பீடு 8,25,000 ரூபாய். அதில் பாதி உடற்கூறாய்வுக்குப் பின் வழங்கப்பட வேண்டும். ஊனம் ஏற்பட்ட வழக்குகளில் மருத்துவப் பரிசோதனையே இழப்பீட்டின் முதல் தவணைக்கு வழி திறக்கிறது.

நீதிமன்ற விசாரணையில் இந்தத் தாளின் எடை மேலும் கூடுகிறது. நேரில் கண்ட சாட்சிக்கும் மருத்துவச் சான்றுக்கும் முரண் எழுந்தால், பொதுவாகக் கண்ட சாட்சிக்கே முதன்மை உண்டு. ஆனால் மருத்துவச் சான்று அச்சாட்சியம் உண்மையாக இருக்கவே முடியாது எனக் காட்டுமளவுக்குச் சென்றால் சாட்சியத்தை நம்ப மறுக்கலாம் என்று அப்துல் சயீத் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் கூறியது. நம் வழக்குகளில் கண்ட சாட்சிகள் பெரும்பாலும் அதே சேரியைச் சேர்ந்தவர்கள். அவர்களை 'உறவினர்கள், அக்கறையுள்ள சாட்சிகள்' எனக் குறுக்கு விசாரணையில் எளிதாகத் தாக்குகிறார்கள். முதுகில் விழுந்த நான்கு அடிகளை மருத்துவர் ஒன்றாக எழுதியிருந்தால், நான்கு அடி என்று சொன்ன தாய் பொய்யராக்கப்படுவார்.

தேசிய மனித உரிமை ஆணையம் 1997இல் மாதிரி உடற்கூறாய்வுப் படிவத்தை மாநில அரசுகளுக்கு அனுப்பியது. சித்திரவதையை ஆவணப்படுத்துவதற்கான ஐ.நா.வின் இஸ்தான்புல் நெறிமுறை 1999இல் வெளியாகி 2022இல் திருத்தப்பட்டது. காயங்களைக் குறிப்பதற்கான உடல் வரைபடங்கள் அதன் பின்னிணைப்பாகவே தரப்பட்டுள்ளன. சித்திரவதைக்கு எதிரான சட்டப் போராட்டத்தில் ஓவியருக்கும் இடமுண்டு என்பதைப் பன்னாட்டுச் சட்டம் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது.

சாத்தான்குளம் காட்டியது

இது எவ்வளவு தூரம் உண்மை என்பதற்குத் தூத்துக்குடி மாவட்டமே சாட்சி. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் காவல்துறை நிகழ்த்தியதை இம்மாவட்டத்துத் தலித் மக்கள் மறக்கவில்லை. கால் நூற்றாண்டு கழித்து, 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் வணிகர் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சிறையில் அடைக்கத் தகுதியான உடல்நிலையில் இருக்கிறார்கள் என்ற மருத்துவச் சான்றுடன் இருவரும் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டனர். ஜூன் 22 இரவு பென்னிக்ஸும், 23 காலை ஜெயராஜும் உயிரிழந்தனர்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே வழக்கைக் கையிலெடுத்தது. உடற்கூறாய்வு நடுவரின் முன்னிலையில் காணொளிப் பதிவுடன் நடந்தது. ஜூன் 30 அன்று நீதிமன்றம், உடற்கூறாய்வில் பதிவான காயங்களையும் பெண் தலைமைக் காவலரின் சாட்சியத்தையும் சுட்டி, கொலை வழக்காக மாற்றுவதற்கு முதல்நோக்கில் முகாந்திரம் உள்ளது என்றது. பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறை ஒன்பது காவலர்கள்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

ஒரே இரு உடல்கள். ஆனால் இரண்டு மருத்துவ ஆவணங்கள். முதல் ஆவணம் அவர்களைச் சிறைக்கு அனுப்பியது. இரண்டாவது ஆவணம் அவர்களுக்கு நடந்ததை நீதிமன்றத்தின் கண்முன் கொண்டுவந்தது. பதிவுசெய்யும் நடைமுறையும் அதைக் கண்காணித்த அதிகாரமும்தான் இடையில் மாறின. இவ்விருவரும் தலித்துகள் அல்லர். ஊரில் கடை வைத்திருந்த, வணிகர் சங்கங்கள் துணைக்கு எழுந்த குடும்பத்துக்கே இரண்டாவது ஆவணம் உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால்தான் கிடைத்தது. கூலித் தொழிலாளியின் வழக்கு பெரும்பாலும் முதல் ஆவணத்தோடு முடிந்துபோகிறது.

அதே ஆண்டின் இறுதியில் மதுரைக் கிளை மற்றொரு வழக்கில், காவல் மரணங்களில் உறவினர் உடலைப் பார்க்க அனுமதிக்க வேண்டும், உடல் முழுவதையும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், ஆய்வைத் தொடக்கம் முதல் இறுதிவரை காணொளியாக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. இக்கட்டளைகள் ஒவ்வொன்றும் கருவியையும் படத்தையும் சார்ந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கறுத்த தோலும் வெளுத்த பாடநூலும்

நல்லெண்ணம் கொண்ட மருத்துவர்கூடக் காயத்தைத் தவறவிடலாம். காரணம் அவர் கற்ற படங்களிலும் கையிலுள்ள கருவியிலும் இருக்கிறது. கன்றிப்போன காயம் சிவந்து, நீலமாகி, பச்சையாகி, மஞ்சளாகும் என்று பாடநூல் சொல்கிறது. அந்த வண்ண வரிசை வெளிர்நிறத் தோலைப் பார்த்து எழுதப்பட்டது. கறுத்த தோலில் அது அப்படித் தெரியாது. அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் நான்கு மருத்துவப் பாடநூல்களின் 4,146 படங்களை 2018இல் ஆராய்ந்தபோது, கறுத்த தோலைக் காட்டியவை 4.5 விழுக்காடு மட்டுமே என்று தெரியவந்தது. நம் மருத்துவக் கல்லூரிகளில் புழங்கும் உடற்கூறியல் நூல்களில் பலவும் அதே மரபிலிருந்து வந்தவை.

இந்தக் குறையை எதிர்கொண்ட இரு முயற்சிகளைச் சொல்ல வேண்டும். நைஜீரியாவைச் சேர்ந்த சிடிபெரே இபே என்ற மருத்துவ மாணவர் கருப்பையிலிருக்கும் கறுப்பினச் சிசுவை வரைந்தார். 2021இல் அந்தப் படம் உலகெங்கும் பரவியது. அப்படியொரு படத்தைத் தாங்கள் முன்பு பார்த்ததே இல்லை என்று மருத்துவர்களே கூறினர். மற்றொன்று கேத்தரின் ஸ்காஃபைட் என்ற அமெரிக்கச் செவிலியல் ஆய்வாளரின் குழு செய்த ஆய்வு. பல நிறத் தோல் கொண்டவர்களிடம் 415, 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஊதா, நீல ஒளியைப் பாய்ச்சி, மஞ்சள் வடிகட்டி வழியே பார்த்தால், சாதாரண வெள்ளை ஒளியைக் காட்டிலும் ஏறத்தாழ ஐந்து மடங்கு மிகுதியாகக் கன்றல்கள் புலப்படுகின்றன என்று 2020இல் அவர்கள் காட்டினர். ஒரு விளக்கும் ஒரு கண்ணாடியும் போதும். நம் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இதைச் சோதித்துப் பார்ப்பதற்குக் கோடிகள் தேவையில்லை. சோதிக்க வேண்டும் என்று நினைக்கும் பொறியாளர் தேவை.

கொரோனா காலத்தில் நாம் அனைவரும் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரும் இதே கதையைச் சொல்கிறது. சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலின் ஊடே செலுத்தி, இரத்தம் உறிஞ்சும் அளவிலிருந்து ஆக்சிஜன் நிறைவைக் கணக்கிடுவது அக்கருவி. தோலின் நிறமியும் ஒளியை உறிஞ்சும். கருவியைச் சரிபார்த்தபோது கறுத்த தோலினர் போதிய அளவில் சேர்க்கப்படாவிட்டால் அளவீடு பிழையாகும். 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, ஆக்சிமீட்டர் 92 முதல் 96 விழுக்காடு வரை காட்டிய நோயாளிகளில், உண்மையில் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தவரில் 11.7 விழுக்காடு என்று கண்டது. வடிவமைப்பு மேசையில் யாருடைய விரல் இருந்தது என்ற கேள்வி உயிர் சார்ந்தது.

இக்கரையை முன்பு அளந்தவர்

உடலை அளப்பதும் வரைவதும் முத்துக்குளித்துறைக்குப் புதியவை அல்ல. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பைப் பற்றி 1890இல் நூல் வெளியிட்டவர். மருத்துவம் கற்ற அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியலும் கற்பித்தார். அளவுக் கருவிகளைக் கொண்டு தென்னிந்தியச் சாதிகளின் தலையையும் மூக்கையும் அளந்து பட்டியலிட்டார். உடல் அளவைகளால் குற்றவாளிகளை அடையாளம் காணும் முறையைக் காவல்துறையினருக்கும் பயிற்றுவித்தார். ஏழு தொகுதிகளாக 1909இல் வெளிவந்த அவருடைய சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

அக்காலத்தில் ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கின் அகலம் கூடக் கூடச் சமூகப் படிநிலை தாழும் என்று வாதிட்டார். சாதி இயற்கையிலேயே உடலில் எழுதப்பட்டிருக்கிறது என்று அறிவியலின் பெயரால் சொல்லும் முயற்சி அது. இதற்கு விடை தந்தவர் அண்ணல் அம்பேத்கர். தீண்டப்படாதோர் யார் என்பது பற்றி 1948இல் வெளியிட்ட நூலில், அதே மூக்கு அளவைப் புள்ளிவிவரங்களை எடுத்துக்கொண்டு, பிராமணரும் தீண்டப்படாதாரும் வெவ்வேறு இனத்தவர் என்ற கோட்பாடு நிற்காது என்று நிறுவினார். அளவைகளைக் கண்டு அவர் ஒதுங்கவில்லை. அவற்றைக் கற்று, எதிராளியின் எண்களைக் கொண்டே எதிராளியின் முடிவை உடைத்தார். நம் மாணவர்கள் பின்பற்ற வேண்டிய முறை அதுதான்.

திறக்கும் கையும் எழுதும் கையும்

இந்தியாவில் நவீன உடற்கூறியலின் தொடக்கத்தைப் பேசுவோர், 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பண்டிட் மதுசூதன் குப்தா பிணத்தை அறுத்ததைச் சாதித் தடையை உடைத்த பெருநிகழ்வாகக் கொண்டாடுவர். பிணத்தைத் தொடுவது யாருக்குத் தடையாக இருந்தது என்ற கேள்வியை அவர்கள் கேட்பதில்லை. இறந்த உடலைத் தொடுவதும் சுமப்பதும் புதைப்பதும் எரிப்பதும் தலைமுறை தலைமுறையாக நம்மீது சுமத்தப்பட்ட வேலைகள். இன்றும் பல அரசு மருத்துவமனைகளின் பிணவறைகளில் உடலைத் திறந்து, கழுவி, மீண்டும் தைப்பவர் கடைநிலை ஊழியர். பெரும்பாலும் பட்டியல் சாதியினர். மண்டை ஓட்டை எங்கே அறுக்க வேண்டும், எந்த உறுப்பை எப்படி எடுக்க வேண்டும் என்பதை அவர் கை அறியும். அந்த அறிவுக்குச் சான்றிதழ் இல்லை. அறிக்கையில் அவர் பெயரும் இல்லை. உடலைத் திறக்கும் கை நம்முடையதாகவும், அதைப் பற்றி எழுதி, வரைந்து, கையெழுத்திடும் கை வேறொருவருடையதாகவும் இருப்பது சாதியின் வேலைப் பிரிவினையே.

மருத்துவக் கல்விக்குப் பயன்பட்ட உடல்கள் யாருடையவை என்பதும் இதனோடு சேர்ந்த கேள்வி. 1951ஆம் ஆண்டின் உடற்கூறியல் சட்டப்படி, உரிமை கோரப்படாத உடல்களை மருத்துவக் கல்லூரிகளுக்கு அளிக்கலாம். மருத்துவமனையிலும் தெருவோரத்திலும் ஆதரவற்று இறப்பவர்கள் யார் என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை. ஐரோப்பாவிலும் இது நடந்தது. வியன்னாவில் எடுவார்ட் பெர்ன்கோப் உருவாக்கிய உடற்கூறியல் படநூல், ஓவியத் திறத்துக்காக உலகப் புகழ் பெற்றது. நாஜி ஆட்சியில் மரண தண்டனைக்குள்ளான குறைந்தது 1,377 பேரின் உடல்கள் அவருடைய நிறுவனத்துக்கு வந்தன என்று வியன்னாப் பல்கலைக்கழகத்தின் விசாரணை 1998இல் வெளிப்படுத்தியது. படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அதில் கிடக்கும் உடலின் வரலாற்றைக் கேட்கும் உரிமை நமக்குண்டு.

கைத்திறனுக்குரிய மதிப்பு எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதற்கு ஜெய்ப்பூர் கால் நல்ல எடுத்துக்காட்டு. வெறுங்காலில் நடக்கவும், தரையில் குந்தவும், வயலில் இறங்கவும் உதவும் அந்தச் செயற்கைக் காலை 1960களின் இறுதியில் உருவாக்கியவர்கள் இருவர்: அறுவை மருத்துவர் பி.கே. சேத்தி, கைவினைஞர் ராம் சந்திர சர்மா. மகசேசே விருதும் பத்மஸ்ரீயும் மருத்துவருக்குக் கிடைத்தன. பள்ளிப் படிப்பு குறைந்த கைவினைஞரின் பெயரை உலகம் தாமதமாகவே அறிந்தது. பட்டம் என்பது அறிவை மட்டும் தருவதன்று. அறிவுக்கு உரிமையாளர் யார் என்பதையும் அது பதிவுசெய்கிறது.

இரு படிப்புகளும் எங்கே, எப்படி?

உயிரிமருத்துவப் பொறியியலில் முதுகலை பயில, இளநிலையில் உயிரிமருத்துவம், மின்னணுவியல், கருவியியல், இயந்திரவியல் போன்ற ஏதேனும் ஒரு பொறியியல் பட்டம் பெரும்பாலும் போதுமானது. சென்னை ஐ.ஐ.டி.யில் பயன்பாட்டு இயந்திரவியலோடு இணைந்த உயிரிமருத்துவப் பொறியியல் துறை இருக்கிறது. அங்கு எம்.டெக். பட்டமும், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்துடனும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியுடனும் சேர்ந்து நடத்தும் மருத்துவமனைசார் பொறியியல் படிப்பும் உள்ளன. 1990 டிசம்பரில் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்ட இந்தியாவின் சித்ரா இதய வால்வு, திருவனந்தபுரம் நிறுவனத்தின் ஆக்கம். 2023இல் சென்னை ஐ.ஐ.டி. மருத்துவ அறிவியலுக்கும் தொழில்நுட்பத்துக்கும் தனித்துறை தொடங்கியது. கிண்டி பொறியியல் கல்லூரி உள்ளிட்ட அண்ணா பல்கலைக்கழக அமைப்பிலும் மருத்துவ மின்னணுவியல் சார்ந்த படிப்புகள் உண்டு.

ஐ.ஐ.டி.களுக்கு கேட் தேர்வு வழி. 2020 முதல் அத்தேர்வில் உயிரிமருத்துவப் பொறியியலுக்கெனத் தனித்தாள் இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு விண்ணப்பக் கட்டணம் பாதி. கேட் தகுதியோடு எம்.டெக். சேர்வோருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. முனைவர் பட்ட ஆய்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளில் முதுகலைச் சேர்க்கை, கேட் மதிப்பெண் அல்லது மாநில நுழைவுத் தேர்வின் அடிப்படையில் கலந்தாய்வு மூலம் நடக்கிறது.

மருத்துவ ஓவியம் வேறு வகை. 1911இல் மாக்ஸ் புரோடல் என்ற ஓவியரின் தலைமையில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இதற்கென முதல் துறை தொடங்கப்பட்டது. இன்று அங்கும், சிகாகோவிலுள்ள இல்லினாய் பல்கலைக்கழகம், ஜார்ஜியாவின் அகஸ்டா பல்கலைக்கழகம், கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகம் ஆகியவற்றிலும் இரண்டாண்டு அளவிலான முதுகலைப் படிப்பு இருக்கிறது. மாணவர்கள் உடற்கூறியலைப் பிணத்தை அறுத்துக் கற்கின்றனர். அறுவை அரங்கில் நின்று வரைகின்றனர். முப்பரிமாண உருவாக்கமும் அசைவூட்டமும் பயில்கின்றனர். சேர்க்கைக்கு உயிரியல் பாடங்களும், மனித உருவத்தை நேரில் பார்த்து வரைந்த ஓவியத் தொகுப்பும் வேண்டும். இங்கே மருத்துவக் கல்லூரிகளில் ஓவியர், நிழற்படக்காரர் என்ற பணியிடங்கள் இருந்து வந்துள்ளனவே தவிர, அந்தத் தொழிலுக்குரிய உயர்கல்வி வளர்க்கப்படவில்லை.

தமிழ்நாட்டுக்கு இது அந்நியமான சிந்தனையும் அல்ல. சென்னை ஓவியப் பள்ளியை 1850இல் தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டர் ஓர் அறுவை மருத்துவர். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிரீன், தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் உடற்கூறியல் நூலைத் தமிழில் வெளியிட்டார். இன்றோ, தன் உடலைப் பற்றிய காயச் சான்றிதழைப் பாதிக்கப்பட்டவர் படிக்க முடியாதபடி அது ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. தமிழில் பெயர் குறித்த, நம் தோல் நிறத்தில் வரைந்த உடற்படம் ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் இருப்பதற்கு என்ன தடை?

இடஒதுக்கீட்டின் ஓட்டைகள்

மத்தியக் கல்வி நிறுவனங்களில் பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு இடங்கள் 2006ஆம் ஆண்டின் சட்டப்படி கட்டாயம். ஆனால் அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு, அட்டவணையில் குறிப்பிட்ட 'உயர் சிறப்பு' ஆய்வு நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்கிறது. மானேசரிலுள்ள தேசிய மூளை ஆய்வு மையமும் டாட்டா நினைவு மையமும் அவ்வட்டவணையில் உள்ளன. சிறுபான்மைக் கல்வி நிறுவனங்களுக்கு அரசமைப்பின் 15(5) உறுப்பே விலக்குத் தருகிறது. பல நிறுவனங்கள் கூட்டாக நடத்தும் படிப்புகளில் எந்த நிறுவனத்தின் இடஒதுக்கீட்டு விதி பொருந்துகிறது என்பதை மாணவர் அமைப்புகள் எழுத்துபூர்வமாகக் கேட்டுப் பெற வேண்டும்.

சட்டம் பொருந்தும் இடத்திலும் இடங்கள் நிரம்புவதில்லை. நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்ட விவரங்களின்படி, 2015 முதல் 2019 வரை ஐ.ஐ.டி.களின் முனைவர் பட்டச் சேர்க்கையில் பட்டியல் சாதியினர் 9.1 விழுக்காடு, பழங்குடியினர் 2.1 விழுக்காடு மட்டுமே.

சிறிய படிப்புகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு. அதற்குள் அருந்ததியருக்கு 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 3 விழுக்காடு. இத்தகைய உள் ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2024 ஆகஸ்ட் 1 அன்று தீர்ப்பளித்தது. ஆனால் 18 இடங்கள் மட்டுமே உள்ள ஒரு முதுகலைப் படிப்பில் 3 விழுக்காடு என்பது அரை இடம். ஆண்டுக்கு ஆண்டு அந்த அரை இடம் அடுத்த ஆண்டுக்குச் சேர்த்துக் கணக்கிடப்படாவிட்டால், பிணவறையில் பரம்பரையாக உழைக்கும் சமூகத்தின் பிள்ளைக்கு அந்தப் படிப்பு என்றுமே கிடைக்காது. துறைவாரியான சுழற்சிப் பதிவேட்டைக் கேட்பது அதனால்தான் அடிப்படைக் கோரிக்கையாகிறது.

வெளிநாட்டில் மருத்துவ ஓவியம் பயில விரும்புவோருக்கு தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை உண்டு. ஆண்டுக்கு 125 இடங்கள். அவற்றில் 115 பட்டியல் சாதியினருக்கு. குடும்ப வருமானம் 8 லட்ச ரூபாய்க்குள், வயது 35க்குள், தகுதித் தேர்வில் 60 விழுக்காடு, உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் உள்ள பல்கலைக்கழகம் என்பவை அதன் நிபந்தனைகள். 2022இல் இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் சார்ந்த ஆய்வுகளை ஒன்றிய அரசு இத்திட்டத்திலிருந்து நீக்கியது. 2025 ஜூலையில், தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டுமே முதலில் தற்காலிக ஆணை கிடைத்தது. மற்றவர்களுக்கு நிதி இருந்தால் தரப்படும் என்று சொல்லப்பட்டது. கல்விக்கட்டணம் செலுத்தும் நாள் நெருங்கும் மாணவருக்கு இந்த வாசகம் மறுப்புக்குச் சமம். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்துக்கும் மாணவர்கள் சேர்த்தே விண்ணப்பிக்க வேண்டும்.

தூத்துக்குடியிலிருந்து தொடங்க

1974இல் பெருந்துறைமுகமாகி, 2011 முதல் வ.உ.சி.யின் பெயரைத் தாங்கும் துறைமுகமும், அதைச் சுற்றிய அனல்மின் நிலையமும், உப்பளங்களும் இம்மாவட்டத்து உழைப்பாளிகளின் உடலில் தடம் பதித்துள்ளன. உப்புநீரில் நின்று வெடிக்கும் கால்கள், வெள்ளை உப்பின் கண்கூச்சத்தில் மங்கும் கண்கள், நிலக்கரித் தூசியைச் சுவாசிக்கும் நுரையீரல்கள், படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே காற்றைச் சுவாசித்துச் சங்கு குளிப்போர், மேலேறும்போது இரத்தத்தில் குமிழாகும் நைட்ரஜனால் முடங்கும் மூட்டுகள். இவை ஒவ்வொன்றும் ஒரு முதுகலை ஆய்வுக்குரிய தலைப்பு. உப்பளப் பெண்ணின் காலுக்கேற்ற காலணியை வடிவமைக்க, அந்தக் காலைப் பார்த்து வளர்ந்த மகளைவிடத் தகுதியானவர் எவர்? அவரை ஆய்வகத்துக்குள் கொண்டுசெல்லும் வழியை அமைப்பது அரசின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது நம் கடமை.

உடனடியாகச் செய்யக்கூடியவை சில உள்ளன. ஒன்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்கீழ் ஒவ்வொரு அரசு நிறுவனத்திடமும் கடந்த பத்தாண்டுகளில் உயிரிமருத்துவப் பொறியியல் முதுகலை, முனைவர் பட்டச் சேர்க்கையின் பிரிவுவாரி எண்ணிக்கையையும், நிரப்பப்படாத இடங்களையும், சுழற்சிப் பதிவேட்டையும் கேட்க வேண்டும். இரண்டு, தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி உள்ளிட்ட எல்லா அரசு மருத்துவமனைகளிலும் காயச் சான்றிதழோடு உடல் வரைபடமும், அளவுகோல் வைத்து எடுத்த வண்ணப் படமும் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று மாவட்ட விழிப்புணர்வு, கண்காணிப்புக் குழுவில் தீர்மானம் கொண்டுவர வேண்டும். மூன்று, அரசு கவின்கலைக் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் இணைந்து மருத்துவ ஓவியத்தில் முதுகலைப் படிப்பைத் தொடங்க வேண்டும். அதில் பிணவறை ஊழியர்களின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை கோர வேண்டும். நான்கு, பிணவறை ஊழியர்களின் திறனுக்குத் தொழில்நுட்பப் பணியாளர் தகுதியும், அதற்குரிய பயிற்சியும் ஊதியமும் வழங்கப்பட வேண்டும். உடற்கூறாய்வு அறிக்கையில் உதவியவர் பெயரும் இடம்பெற வேண்டும்.

வழக்கறிஞர்களுக்கும் ஒரு வேலை உண்டு. அடுத்த வன்கொடுமை வழக்கில் மருத்துவரைக் குறுக்கு விசாரணை செய்யும்போதோ, அரசு வழக்கறிஞருக்கு உதவும்போதோ, காயத்தை எந்த ஒளியில் பார்த்தீர்கள், வரைபடத்தில் குறித்தீர்களா, பாதிக்கப்பட்டவருக்கு அதன் நகலைத் தந்தீர்களா என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். அவற்றுக்கு வரும் விடைகளைத் திரட்டினால், இந்தப் படிப்புகள் ஏன் தேவை என்று அரசிடம் காட்டுவதற்கு நம் கையில் ஆவணம் இருக்கும்.